கேட்ட மாதிரி

கதவைச் சாத்தியதும் வெளியே இருந்த ஆஸ்பத்திரி மொத்தமும் அற்றுப்போனது. ஆள் உட்கார்ந்தால் முட்டி சுவரில் இடிக்கிற அளவுக்கு ஓர் அறை. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு, முட்டை அடுக்குகிற அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக. எதிரே கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் காது டெஸ்ட் எடுக்கிற பெண் குனிந்து எந்திரத்தில் எதையோ திருகிக்கொண்டிருந்தாள். சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு என்று சொல்லி அவளேதான் ஹெட்போனை மாட்டிவிட்டாள். கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். "ஐயா, சத்தம் கேட்டா அமுக்குங்க. ரொம்பச் சின்னதாக் கேட்டாலும் அமுக்கணும். கேக்கலைன்னா சும்மா இருங்க. கேட்ட மாதிரி இருக்கேன்னு அமுக்கக் கூடாது, என்ன?" முகத்துக்கு நேராக நின்று வாயைத் திறந்து திறந்து சொன்னதால் சன்னாசிக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. தலையை ஆட்டினார். வெளியே பெஞ்சில் மகன் யோகேஷ் உட்கார்ந்திருப்பான், மடியில் ஓ.பி. சீட்டும் கையில் போனுமாக. பதினாறு வயசு, பிளஸ் ஒன். அவங்கம்மா நாகஜோதி, "கூட ஆள் வேணும்னு சொல்லியிருக்காங்க, எனக்கு வேலை இருக்கு, நீ போய்ட்டு வா" என்று சொன்னதால் வந்தவன். சின்னமனூரிலிருந்து வருகிற பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகக் கிடந்தும் ரெண்டு சீட் தள்ளிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். இறங்கும்போது, "வாங்க" என்றான். அவ்வளவுதான். போன ஆடி வரைக்கும், "ப்பா, நீ வா", "ப்பா, நீ சாப்ட்டியா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பயல். இப்போது வாங்க, போங்க, சாப்பிடுங்க. பையன் பெரியாளாகிட்டான், மரியாதை தெரியுது என்று மச்சினன்கூட மெச்சினான். சன்னாசிக்கு அந்த 'ங்க' ஒவ்வொன்றும் வாசல்படியில் நிறுத்திவைத்துத் தண்ணி கொடுத்து அனுப்புகிற மாதிரி இருந்தது.

முதல் சத்தம் வந்தது. வந்ததா? தூரத்தில் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடிக்கப் போகிற மாதிரி ஓர் இழை. அமுக்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிமிரவில்லை. சரியாக அமுக்கினோமா தப்பாக அமுக்கினோமா என்று ஒரு குறிப்பும் இல்லை. இதுதான் வம்பு. முகம் தெரிந்தால் போதும், சன்னாசி எதையும் சமாளித்துவிடுவார். இருபத்திரண்டு வருசமாக பஸ்ஸில் டிரைவர் சீட். ஸ்டியரிங் வலது பக்கம் என்றால் இன்ஜின் இடது பக்கம், தகரப் பெட்டி போட்டு மூடி, அதன் மேலே மூட்டையையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு தேனிக்கும் கம்பத்துக்குமாக நாளைக்கு ஆறு நடை. அந்த இன்ஜின்தான் இடது காதைத் தின்றது. எலி துணியைக் கடிக்கிற மாதிரி, கடித்து முடித்து எடுத்துப் பார்க்கும்போதுதான் ஓட்டை தெரிந்தது. பிறகு வலது காதுக்கும் பல் பட்டது. இப்போது உள்ளே எந்நேரமும் ஒரு சில்வண்டு, தென்னந்தோப்பில் மத்தியான வேளையில் கத்துமே அந்த மாதிரி ஒன்று, ஓயாமல். அந்தச் சில்வண்டா இது, அல்லது எந்திரத்திலிருந்து வருகிற சத்தமா? அமுக்கினார். கேட்ட மாதிரி இருந்தால் அமுக்கக் கூடாதென்று சொன்னாளே. விட்டுவிட்டார். அடுத்தது நிஜமாகவே வந்து போயிருந்தால்? பொத்தானின் மேல் கட்டைவிரல் வியர்த்தது. தோற்றால் வண்டி போச்சு. முதலாளி அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார், "காதுக்குச் சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டு வந்து வண்டியத் தொடு சன்னாசி." அவரைச் சொல்லிக் குத்தமில்லை. கண்டக்டர் செல்லப்பாண்டி இருந்தவரைக்கும் விசில் அடிப்பதோடு மேல் தகரத்தையும் ரெண்டு தட்டு தட்டுவான். அந்த அதிர்வு சீட் வழியாக முதுகுக்கு வந்துவிடும். அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் லீவில் போன வாரம், புதுப் பையன் ஒருத்தன், விசிலை மட்டும் நம்புகிறவன். உத்தமபாளையத்தில் கூடைக்காரம்மா ஒருத்தி ஒரு கால் படியில் ஒரு கால் தரையில் இருக்கும்போது இவர் கியரைப் போட்டு எடுத்துவிட்டார். கை ஒடிந்தது அந்தம்மாவுக்கு. தலை சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. கண்ணாடியில் ஜனங்கள் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்துத்தான் பிரேக்கை மிதித்தார். வாய்கள் எல்லாம் திறந்திருந்தன, ஒரு சத்தம் இல்லை.

இந்த அறைக்குள் வருவதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. அந்தப் பெண் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டாள். யோகேஷும் பக்கத்தில்தான் நின்றான். டிவி சத்தம் கூட்டி வைக்கிறீங்களா? போன்ல பேசினா புரியுதா? கூட்டத்துல பேசினா சிரமமா இருக்கா? எல்லாவற்றுக்கும், "அப்படியெல்லாம் இல்லம்மா" என்றுதான் சொன்னார். கடைசியாக ஒன்று: "எதிராள் பேசுறது கேக்காமப் போனா என்ன பண்ணுவீங்க ஐயா? திரும்பச் சொல்லுங்கன்னு கேப்பீங்களா, இல்ல சிரிச்சுக்கிட்டே சரி சரின்னு சொல்லிருவீங்களா?" அப்போது அவருக்குச் சுருக்கென்றது. இவளுக்கு எப்படித் தெரியும்? இது தன் ஒருத்தனுடைய களவு என்றல்லவா நினைத்திருந்தார். காகிதத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் ஊரில் எத்தனை பேர் இப்படிச் சிரித்துக்கொண்டு திரிகிறார்கள்? "கேப்பேம்மா, திரும்பக் கேப்பேன்" என்று பொய் சொன்னார். சொல்லும்போது யோகேஷ் நிமிர்ந்து பார்த்தான். எதற்குப் பார்த்தான்? அந்தப் பார்வைதான் இப்போது இந்தப் பஞ்சு அறைக்குள்ளும் கூடவே வந்து உட்கார்ந்திருந்தது. எத்தனையோ சரி சொல்லியிருக்கிறார். டீக்கடையில் யாரோ ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தால் இவரும் ஒரு நொடி பிந்திச் சிரிப்பார். நாகஜோதி அடுப்படியிலிருந்து பேசினால், "பாக்கலாம்" என்பார். அது பாதிக்கு மேல் பொருந்திவிடும். பொருந்தாதபோது அவளே, "என்ன கேட்டா என்ன சொல்றாரு பாரு, நெனப்பெல்லாம் எங்கிட்டு இருக்கோ" என்று தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவாள். கவனமில்லாத ஆள் என்று பேர் வாங்குவது செவிடன் என்று பேர் வாங்குவதைவிட மேல். செவிட்டு டிரைவருக்கு எவன் வண்டி கொடுப்பான்? அவளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் தண்ணி எடுக்கிற இடத்தில் ஒருத்தியிடம் அழுவாள், அந்த ஒருத்தியின் புருசன் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர்.

நீலப் பக்கம் ஆரம்பித்துவிட்டாள் போலிருக்கிறது. இடது காதில் ஒன்றுமே இல்லை. கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டு, சத்தம் வருமா வருமா என்று காத்திருக்கிற மாதிரி. கிணறு என்றதும் மனசு வழியை மாற்றிக்கொண்டது. எட்டு மாசமாக அப்படித்தான்; அந்தப் பக்கம் போகிற பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு வைத்திருந்தார். சபரி. யோகேஷோடு ஒண்ணாங்கிளாசிலிருந்து படித்தவன், பின் தெருப் பையன், ஒல்லியாக, முன்பல் ஒன்று பாதி ஒடிந்து, எப்போது பார்த்தாலும் தலை ஈரமாக இருக்கும். மார்க்கையன்கோட்டைப் பக்கம் தோப்புக் கிணறு ஒன்று விடாமல் குதித்துப் பார்த்தவன். இவரைப் பார்த்தால், "மாமா" என்பான். அந்த ஞாயிற்றுக்கிழமை இவருக்கு ஓய்வு நாள். வாசலில் வந்து நின்று, "மாமா, ஒரு மணி நேரத்துல கொண்டாந்து விட்டுர்றேன் மாமா, யோகேச அனுப்புங்க" என்றான். முகத்துக்கு நேராக நின்று சத்தமாகப் பேசுகிற பிள்ளை, அதனால் எல்லாம் புரிந்தது. இவர் சைக்கிளைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யோகேஷ் கெஞ்சினான். சபரி சிரித்துக்கொண்டே, "மாமா பிளீஸ் மாமா" என்றான். அப்போது இவர் — இல்லை, சத்தம் வந்துவிட்டதா? அமுக்கினார். தப்பாகத்தான் இருக்கும். கட்டைவிரல் தானாக அமுக்குகிறது. வெயில் அன்றைக்கு அப்படி அடித்தது, பரீட்சை வேறு இருந்தது, தண்ணிக் கண்டம் என்று பயலுக்குச் சின்ன வயசில் ஜாதகத்தில் எழுதியிருந்தது, எல்லாம் சேர்ந்துதான். எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் அது. பெத்த தாய் பிள்ளையைப் பார்த்துச் சொல்லவில்லையா? பஸ்ஸுக்குக் குறுக்கே வருகிறவனைப் பார்த்து இவரே நாளைக்குப் பத்துத் தடவை சொல்லவில்லையா? "நீ வேணும்னாப் போய்க் குதிச்சுச் சாவு, எம்மகனக் கூப்பிடாத." அதைத்தான் சொன்னார். சபரி அப்போதும் சிரித்துக்கொண்டுதான் போனான். ஒடிந்த பல் தெரிய.

போய்விட்டான். சாயங்காலம் தனியாகப் போய்க் குதித்தவன், உள்ளே கிடந்த மோட்டார் குழாயில் தலை பட்டு மேலே வரவில்லை. ராத்திரி தீயணைப்பு வண்டி வந்துதான் எடுத்தார்களாம். இவருக்கு அதெல்லாம் செவ்வாய்க்கிழமை, ரெண்டு நாள் டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது நாகஜோதி சொல்லித்தான் தெரியும். அதற்குள் எரித்துச் சாம்பலும் கரைத்துவிட்டார்கள். யோகேஷ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "உங்கிட்டயாச்சும் சொன்னானா?" என்று கேட்டார். "யாருகிட்ட வாயத் தொறந்தான்? நான் விடிஞ்சு தண்ணிக்குப் போனப்பத்தான் எனக்கே தெரியும்" என்றாள். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகில் ஒரு கையை வைத்திருந்தால்கூடப் போதும். ஆனால் அந்த நிமிசத்தில் அவருக்குள்ளே ஒன்று, வெட்கங்கெட்ட ஒன்று, குதித்துக்கொண்டிருந்தது: எம்பிள்ளை போகவில்லை, எம்பிள்ளை போகவில்லை, சாவி எம் பையில் இருந்தது. அடுத்தவன் பிள்ளை சாம்பலான வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி நின்றுகொண்டு, இப்படி ஒரு சந்தோசம். அதை வைத்துக்கொண்டு எந்தக் கையால் அவன் முதுகைத் தொடுவது? தொட்டால் கை வழியாகத் தெரிந்துவிடும் என்று பயந்தார். வெளியே வந்து பீடி பற்றவைத்தார். அன்றிலிருந்து அவன் பழையபடி பேசவில்லை. சொன்ன வார்த்தைக்காகத்தான் பேசவில்லை என்று இவர் முடிவு கட்டிவிட்டார். கோபத்தில் சொன்ன ஒரு சொல். பலித்துப்போனதற்கு நான் என்ன செய்வேன்? மெல்ல மெல்ல இவருக்கும் கோபம் ஏறியது. சிநேகிதன் செத்த சேதியை அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே. ஞாயிறு ராத்திரியே இவனுக்குப் போனில் தெரிந்திருக்கும், திங்கள் விடியக்காலம் நான் வீட்டில்தானே இருந்தேன், எதிரே வந்து நின்றவன், அதைச் சொல்லாமல் பள்ளிக்கூட டூருக்கு அனுமதி கேட்டானே. என்ன நெஞ்சழுத்தம். அனுமதி வாங்கிக்கொண்டு அந்த டூருக்கும் போகவில்லை. அப்பன் சரி என்று சொன்னதற்காகவே போகவில்லை.

ஹெட்போனில் திடீரென்று மனிதக் குரல். அவள்தான். இப்போது வார்த்தை சொல்வேன், திருப்பிச் சொல்லுங்கள் என்கிறாள் போலும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டாள். சன்னாசி முன்னால் குனிந்தார். அட்டைதான் தெரிந்தது. "பழம்" என்றார். அவள் சொன்னது படமாகவும் இருக்கலாம். "வடை." கடையோ? "மாலை." ஒவ்வொரு வார்த்தையும் துணி சுற்றிக்கொண்டு வந்தது, உள்ளே இருப்பது என்ன உருவம் என்று தடவித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவள் அட்டையை எடுத்துவிட்டால் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவார். பள்ளிக்கூடம் போகாமல் கற்ற படிப்பு இது. ப, ம என்றால் உதடு ரெண்டும் ஒட்டும். ஊ, ஓ என்றால் குவியும். ச என்றால் பல் தெரியும், உதடு ரெண்டு பக்கமும் இழுபடும். பல்லைக் கண்டால் ச. திங்கள் விடியக்காலம் கொல்லையில், தொட்டியில் தண்ணி விழுந்துகொண்டிருக்க, சுவரில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடியில் சவரம் செய்துகொண்டிருந்தார். பின்னால், இடது பக்கம், யோகேஷ் வந்து நின்றான். கண்ணாடியில்தான் தெரிந்தான். முந்தின நாள் சண்டைக்குப் பிறகு தானாகவே வந்து நிற்கிறானே என்று இவருக்கு மனசு குளிர்ந்துபோனது. பள்ளிக்கூடத்தில் கொடைக்கானல் டூர் என்று சீட்டு வந்திருந்தது, ஒரு வாரமாக அம்மாவிடம் அரித்துக்கொண்டிருந்தான். அதைக் கேட்கத்தான் சமாதானத்துக்கு வருகிறான். அவன் வாய் அசைந்தது. ஒரு வரி, சின்ன வரி. உதடு ஒட்டியது, ஒட்டியது, கடைசியில் ஒருதரம் ஒட்டிப் பிரிந்தது. டூருக்குப் போகட்டுமாப்பா. அப்படித்தான் படித்தார். வாயெல்லாம் நுரையோடு சிரித்தார். நல்லாவே சிரித்தார். "சரிடா, அதுக்கென்ன, நல்லதுதானடா" என்றார். அவன் அங்கேயே நின்றான். ரொம்ப நேரம் நின்ற மாதிரி இப்போது தோன்றுகிறது. பிறகு கண்ணாடியிலிருந்து விலகிவிட்டான். இவர் மறு கன்னத்துக்கு நுரை போட்டார்.

டூ என்றால் உதடு குவிய வேண்டும். விசில் அடிக்கிற மாதிரி முன்னால் வர வேண்டும். அவன் உதடு குவியவில்லை. சன்னாசி அந்த வாயைத் திரும்பப் பார்த்தார். பஞ்சுச் சுவரில், கறுப்பில், நுரை தெறித்த கண்ணாடியில். முதலில் தெரிந்தது பல். உதடு ரெண்டு பக்கமும் இழுபட்டு, பல் தெரிந்து, பிறகு ஒட்டியது. ச. அப்புறம் ப. இல்லை, இருக்காது, வெளிச்சம் சரியில்லாத நேரம், கண்ணாடி வேறு ரசம் போனது. டூர் என்பதைப் பயல் வேறு மாதிரிச் சொல்லியிருப்பான். சார் கேட்டாரு என்று ஆரம்பித்திருப்பான். சார் என்றாலும் பல்தான். ஆனால் உடனே உதடு ஒட்டுமா? ஒட்டாது. பல், ஒட்டல், மறுபடியும் பல், ஒட்டல், கடைசியில் ஒட்டல். ச, ப. செ, ப். ப்பா. அவர் தன் வாயாலேயே, சத்தமில்லாமல், அந்த அசைவைச் செய்து பார்த்தார். சபரி. உதடு தானாகப் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. சபரி செத்துப் போயிட்டான்ப்பா. அய்யோ. காதுக்குள் அந்தப் பெண்ணின் குரல் துணி சுற்றிய வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தது. அவர் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. அவன் சொல்லியிருக்கிறான். ராவெல்லாம் போனை வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்து, அம்மாவை எழுப்பாமல், முந்தின நாள் சாவு என்று சொன்ன அப்பனிடம்தான் முதலில் வந்து சொல்லியிருக்கிறான். அப்பன் நுரை வாயோடு பல் தெரியச் சிரித்து, சரிடா, அதுக்கென்ன, நல்லதுதானடா என்றிருக்கிறான். இல்லை, அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாரோ? அவன் காதில் விழாமல் போயிருக்குமோ? தன் குரலே தனக்குக் கேட்காததால் கொஞ்ச நாளாக எதையும் கத்தித்தான் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவன் நின்றானே, அவ்வளவு நேரம் நின்றானே, என்ன எதிர்பார்த்து நின்றான்? தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று தன் காதைத்தான் சந்தேகப்பட்டு நின்றிருப்பான். பதினாறு வயசுப் பிள்ளை. அதோடு எட்டு மாசம் இந்த ஆள் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறான், இதே ஆளின் பனியனைக் கொடியில் காயப்போட்டிருக்கிறான், இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்திருக்கிறான், வாங்க என்று கூப்பிட்டிருக்கிறான்.

கதவு திறந்தது. வெளிச்சத்தோடு ஆஸ்பத்திரியும் உள்ளே நுழைந்தது. "ஐயா, என்னாச்சு? தூங்கிட்டீங்களா?" என்று அந்தப் பெண்ணின் வாய் கேட்டது. இவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஹெட்போனைக் கழற்றினாள். வெளியே மேசையில் கட்டம் போட்ட காகிதத்தை விரித்து யோகேஷைக் கூப்பிட்டுக் காட்டினாள். சிவப்பில் ஒரு கோடு, நீலத்தில் ஒரு கோடு. நீலக்கோடு தாளின் அடிவரைக்கும் இறங்கிக் கிடந்தது. அவள் என்ன சொல்கிறாள் என்று சன்னாசி பார்க்கவில்லை. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது முதலில் வேலைக்கு வந்த ஆள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவன் உதடு, "எத்தன வருசமா?" என்றது. அவள் நாலு விரலைக் காட்டினாள், பிறகு ஐந்தாவதையும். இடது தோளைத் தொட்டுக் காண்பித்து, இந்தப் பக்கம் நின்று பேசினால் சுத்தமாகத் தெரியாது என்றாள். யோகேஷ் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து மெதுவாக இவர் பக்கம் திரும்பினான். அவள் இவருக்கு நேராக வந்து நின்று, தன்மையாகத்தான் சொன்னாள். மெஷின் வைத்தால் வலது காது ஓரளவு சரியாகும், வண்டி ஓட்டுவதற்கு மட்டும் கையெழுத்துப் போட முடியாது, மன்னிச்சுக்கங்க ஐயா. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இந்த வார்த்தையை நினைத்துத்தான் விரல் வியர்த்தது. இப்போது, "சரிம்மா" என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

வராண்டாவில் பெஞ்சு முழுக்க ஆள். கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தது. யோகேஷ் காகிதத்தை நாலாக மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

"யோகேசு" என்றார்.

அவன் நிமிரவில்லை.

"அன்னிக்கி விடியக்காலம், நான் சவரம் பண்ணிக்கிட்டு இருக்கையில நீ வந்து சொன்னீல்ல. எனக்குக் கேக்கலடா. டூருக்குக் கேக்குறேன்னு நெனச்சேன்."

மடிப்பு நின்றது. அவன் நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் குரலில் கோபம்தான் இருந்திருக்க வேண்டும், உதடு வெட்டி வெட்டி அசைந்தது. "நீங்க சிரிச்சீங்க."

"ஆமா."

"நல்லதுதானடான்னீங்க."

"ஆமாடா. சொன்னேன்."

"கேக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? என்னடா சொன்னேன்னு திருப்பிக் கேட்டிருக்கலாம்ல? எட்டு மாசமா நான்..."

வேலை போயிரும்னு பயந்தேன்டா என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் ஒரு பிள்ளையின் சாவுக்கு எதிரே அதை எடுத்து வைக்க வாய் வரவில்லை. அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். உதறினான். மறுபடியும் பிடித்தார்.

"இப்பச் சொல்லு. அன்னிக்கிச் சொன்னத, அதே மாதிரி."

"வேணாம்."

"சொல்லுடா."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார், வலது காது அவன் பக்கம் இருக்கும்படி. வாயைப் பார்த்துப் படிக்கக் கூடாதென்று எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி நோட்டீசைப் பார்த்தார். காதோரம் அனல் மாதிரி ஒரு மூச்சு வந்தது. சில்வண்டுக்கு அடியில் ஏதோ முனகல். "கேக்கல" என்றார். மறுபடியும் வந்தது, கொஞ்சம் கனமாக, துணி சுற்றிக்கொண்டு. "கேக்கலடா." மூன்றாவது தடவை யோகேஷ் எழுந்து நின்று கத்தினான்.

"சபரி செத்துப் போயிட்டான்ப்பா!"

வராண்டா மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஒருத்தி கையில் டிரேயோடு நின்றுவிட்டாள். பச்சைப்பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒருத்தி அவசரமாகப் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். சன்னாசி திரும்பி மகனைப் பார்த்தார். எழுந்து இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்தார். அவருடைய வாய் கோணியது.

"எப்பிடிடா?" என்றார். "எப்பிடிடா ஆச்சு?"

பக்கத்தில் இருந்தவர் எழுந்து இடம் விட்டார். இருவரும் உட்கார்ந்தார்கள். யோகேஷ் சொல்ல ஆரம்பித்தான்: பூட்டின சைக்கிளிலிருந்து, ஏழு மணிக்கு சபரியின் அம்மா இவன் போனுக்குக் கூப்பிட்டு எங்க அவன் என்று கேட்டதிலிருந்து, தோப்பில் டார்ச் அடித்துத் தேடியதை யாரோ போனில் அனுப்பியதிலிருந்து. அழுகையில் பாதி வார்த்தை குழைந்துபோனது. ஒவ்வொரு தடவையும் சன்னாசி அவன் கையை அழுத்தி நிறுத்தி, "இரு, அதத் திருப்பிச் சொல்லு" என்றார். அவனும் திருப்பிச் சொன்னான், சில இடங்களில் எரிச்சலோடு, சில இடங்களில் விரலால் காற்றில் கிணற்றையும் குழாயையும் வரைந்து காட்டி. எல்லாம் சொல்லி முடித்துச் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டான். சாவி தன் பையில் இருந்ததற்காகச் சந்தோசப்பட்டதைச் சொல்லிவிடலாமா என்று சன்னாசி நினைத்தார். நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

அதற்குள் யோகேஷ் தலையைக் குனிந்தபடி, "நான் கூடப் போயிருந்தா அவனத் தூக்கியிருப்பேன்" என்றான். அதை மட்டும் ரொம்ப மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரித்தான் சொன்னான். சன்னாசிக்கு அது முழுசாகக் கேட்டது.